சுவருக்குள் கம்பி வலை பதித்தால் வைஃபை வெளியே போகாதா?

கோவையிலிருந்து ஓர் ஆடிட்டர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

பதினோரு ஆண்டுகளாக ஒரு வாடகை மாடியில் அலுவலகம். ஆறு பணியாளர்கள், இரண்டு ஆர்ட்டிகிள்ஷிப் மாணவர்கள். இன்டர்நெட் மெதுவாகிறதே என்று சென்ற ஆண்டு ஆள் வரவழைத்துப் பார்த்தபோது, ரவுட்டரில் அலுவலகத்துக்குச் சம்பந்தமே இல்லாத நான்கு கருவிகள் இணைந்திருந்தன. அதில் ஒன்று பக்கத்து வீட்டு டிவி. வேலையை விட்டுப் போன ஒரு பையன் பாஸ்வேர்டைச் சொல்லிக் கொடுத்திருக்கிறான் என்பது பிறகு தெரிந்தது. "என் கிளையன்ட்களின் பான், ஆதார், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் இருக்கும் அதே நெட்வொர்க்கில் எவர் வீட்டு டிவியோ இருந்திருக்கிறது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை" என்கிறார். அதன் பிறகு பாஸ்வேர்டை அலுவலகக் கைபேசி எண்ணாக மாற்றி வைத்திருக்கிறார்.

இப்போது சொந்த இடத்தில் 1,400 சதுர அடியில் அலுவலகம் கட்டுகிறார். செங்கல் வேலை முடிந்துவிட்டது, மூன்று வாரத்தில் பூச்சு. கட்டட ஒப்பந்தக்காரர் ஒரு யோசனை சொல்லியிருக்கிறார்: உள்சுவர் முழுக்கக் கோழி வலை அடித்துப் பூசிவிடலாம், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல் அலுமினிய ஃபாயில் விரிக்கலாம், ஜன்னல் கண்ணாடிக்கு உலோகப் பூச்சுள்ள சன் ஃபிலிம் ஒட்டலாம், எல்லாவற்றையும் எர்த்தோடு சேர்த்துவிட்டால் சிக்னல் ஓர் அடி கூட வெளியே போகாது. கூடுதல் செலவு 2.8 லட்சம் ரூபாய். அப்படியும் போனால் சிக்னலைக் கெடுக்கும் ஜாமர் கருவி சின்னதாக ஒன்று வாங்கி வாசல் பக்கம் மாட்டலாம் என்றும் அவரே சொன்னாராம். அலுவலக நிர்வாகத்தைப் பார்த்துக்கொள்ளும் அவர் மனைவி மட்டும், "அப்புறம் போனுக்கு டவர் கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

அவர் கேட்பது நான்கு கேள்விகள். இந்த வலை வேலை செய்யுமா? செய்தால் பாஸ்வேர்டை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்படி எளிதாக வைத்துக்கொள்ளலாமா? இதில் சட்டச் சிக்கல் உண்டா? பக்கத்து வீட்டுக்காரர் மீது புகார் கொடுக்க வேண்டுமா?

ஆடிட்டர் சார், வணக்கம்.

அந்த இரவு உங்களுக்குத் தூக்கம் வராதது சரியான உணர்வுதான். கிளையன்ட் நம்பிக் கொடுத்த தாள்களைத் தன் வீட்டு நகைபோல நினைப்பவருக்குத்தான் அந்தப் பதற்றம் வரும். பல அலுவலகங்களில் இப்படிக் கண்டுபிடித்துச் சொல்லும்போது, "டிவிதானே சார், போகட்டும்" என்று சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

பூச்சுக்காரர் வர மூன்று வாரம்தான் இருப்பதால் முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 2.8 லட்சத்தை வலைக்கும் ஃபாயிலுக்கும் செலவிடாதீர்கள். கான்கிரீட் பீமும் செங்கலும் சேரும் இடத்தில் விரிசல் விடாமல் இருக்க வழக்கமாக அடிக்கும் கோழி வலையை அடிக்கட்டும், அது வேண்டும். சுவர் முழுக்க வேண்டாம். உங்கள் மனைவி கேட்ட கேள்விதான் இந்தத் திட்டத்தின் ஆணிவேரையே தொடும் கேள்வி. அதற்கும் வருகிறேன்.

கொஞ்சம் தடுப்பதும் முழுதாகத் தடுப்பதும்

உலோகம் ரேடியோ அலையைத் தடுக்கும் என்று ஒப்பந்தக்காரர் சொன்னது பொய் இல்லை. மைக்கேல் ஃபாரடே 1836இல் லண்டனில் 12 அடிக் கனசதுரக் கூண்டு ஒன்றைக் கம்பியும் உலோகத் தாளும் சுற்றிக் கட்டி, அதற்கு வெளியே மின்பொறி பறக்க, உள்ளே உட்கார்ந்து சோதித்துப் பார்த்தார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. அந்தத் தத்துவம் இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் தத்துவம் பேசுவது மூடிய கூண்டைப் பற்றி. உங்கள் அலுவலகத்துக்குக் கதவு உண்டு, ஜன்னல் உண்டு, ஏசி குழாய்க்கு ஓட்டை உண்டு, பாத்ரூம் வென்டிலேட்டர் உண்டு.

ஒரு சின்னக் கணக்கு பார்ப்போம், உங்களுக்குக் கணக்கு கசக்காது. சாதாரண ரவுட்டர் ஏறக்குறைய 100 மில்லிவாட் சக்தியை வெளியே விடுகிறது. தடையே இல்லாத வெளியில் பத்து மீட்டர் தாண்டும்போது, ஒரு கைபேசியின் ஆன்டெனாவுக்குக் கிடைப்பது அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான். அவ்வளவு குறைந்த பிறகும் கைபேசிக்கு அது தாராளம். அதிலும் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே அது எப்படியோ இணைந்துவிடும். இப்போது ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், ஈரத்தையும் பூச்சையும் பொறுத்து, சிக்னலைச் சுமாராகப் பத்தில் ஒரு பங்காக்கும். வலையும் ஃபாயிலும் ஓட்டைகளோடு சேர்ந்து இன்னும் பத்திலொன்றோ நூற்றிலொன்றோ ஆக்கலாம். கூட்டிப் பாருங்கள். இத்தனை செலவுக்குப் பிறகும் தெருவில் நிற்பவரின் கைபேசிக்குத் தேவையானதைவிடப் பத்து மடங்கு சிக்னல் வெளியே கிடக்கும். கையில் திசை ஆன்டெனா (ஒரே பக்கத்துச் சிக்னலைக் குவித்துப் பிடிப்பது) ஒன்று வைத்திருப்பவருக்கு அது இன்னும் பல மடங்கு. பக்கத்து வீட்டு டிவி நின்றுபோகலாம். தேடி வருகிறவன் நிற்க மாட்டான்.

வலையின் கண் அளவும் முக்கியம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் என்றால் ஆறு சென்டிமீட்டருக்குள். கண்ணின் அகலம் அலைநீளத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் ஓரளவு நன்றாகத் தடுக்கும் என்பது நாங்கள் கைக்கணக்காக வைத்திருக்கும் விதி. அதாவது ஒன்றுக்கு 12 மில்லிமீட்டர், மற்றதற்கு 5 அல்லது 6 மில்லிமீட்டர். கடையில் கிடைக்கும் கோழி வலையின் கண் பெரும்பாலும் இதைவிடப் பெரியது. அதோடு, அந்தக் கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கி நிற்பவை, பற்றவைத்தவை அல்ல. ஈரச் சிமெண்டுக்குள் சில வருடம் கிடந்து துரு ஏறினால், முறுக்கிய இடத்தில் மின்தொடர்பு போய்விடும். வலை சுவருக்குள் பத்திரமாக இருக்கும், கூண்டு இருக்காது.

பிளவுகளைப் பற்றி ஒப்பந்தக்காரர்கள் அநேகமாக எல்லோரும் தவறாக நினைக்கிறார்கள். கதவுக்கு அடியில் இரண்டு மில்லிமீட்டர் இடைவெளிதானே, அதன் வழியாக என்ன போய்விடும் என்பார்கள். பிளவு எவ்வளவு ஒல்லி என்பதைவிட எவ்வளவு நீளம் என்பதுதான் இங்கே கணக்கு. ஆறு சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு கீறல், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்குக் கிட்டத்தட்ட ஓர் ஆன்டெனாவாகவே வேலை செய்யும். உங்கள் கதவின் அடிப்பிளவு மூன்று அடி.

எர்த் பற்றியும் ஒரு வார்த்தை. கூண்டை எர்த்தில் சேர்த்தால்தான் அலை நிற்கும் என்பது பரவலான நம்பிக்கை. வைஃபை அலையைத் தடுப்பது மூடிய உலோகப் பரப்பு, எர்த் கம்பி அல்ல. எர்த் தேவைப்படுவது உங்கள் பணியாளர்களின் உயிர்ப் பாதுகாப்புக்காக. அது வேறு விஷயம், கீழே சொல்கிறேன்.

முழுக் கூண்டைப் பார்க்க வேண்டுமானால் ஸ்கேன் சென்டருக்குப் போங்கள்

கட்டடத்தையே கூண்டாக்கிச் சாதித்த இடம் உங்கள் ஊரிலேயே பல இருக்கின்றன: எம்.ஆர்.ஐ. அறைகள். நோயாளியின் உடலிலிருந்து வரும் மிக மெல்லிய ரேடியோ சமிக்ஞையை அந்த இயந்திரம் கேட்க வேண்டும். காந்த வலிமை 1.5 டெஸ்லா உள்ள இயந்திரம் என்றால் சுமார் 64 மெகாஹெர்ட்ஸில். வெளியே ஓடும் ரேடியோ அலை எதுவும் அந்த அலைவரிசையில் உள்ளே வந்தால் படத்தில் கோடு கோடாக விழும். அதனால் அந்த அறையைத் தரை, கூரை, நான்கு சுவர் என ஆறு பக்கமும் செம்புத் தகட்டால் போர்த்துகிறார்கள். தகடும் தகடும் சேரும் ஒவ்வொரு விளிம்பும் இடைவெளி இல்லாமல் இணைக்கப்படும். கண்ணாடிக்குள் நுண்ணிய உலோக வலை இருக்கும். மின்சாரக் கம்பிகள் வடிகட்டி வழியாகத்தான் உள்ளே நுழையும். காற்று வரும் வழிகளில், காற்றை விட்டு அலையை மட்டும் நிறுத்தும் உலோகக் குழாய்கள் இருக்கும். கதவைச் சுற்றிலும் வரிசையாக உலோக விரல்கள் போன்ற ஸ்பிரிங் பட்டைகள். கதவு மூடும்போது அவை சட்டத்தை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பட்டைகளில் சில வளைந்துபோனாலே அறையின் தடுப்புத் திறன் குறைந்துவிடும். அதனால்தான் பட்டைகளைத் துடைப்பதும் மாற்றுவதும் பராமரிப்பின் ஒரு பகுதி. கட்டி முடித்ததும் கருவி வைத்து அளந்துதான் அறையை ஒப்படைப்பார்கள்.

இந்த வேலையின் தரத்தையும் உங்கள் ஒப்பந்தக்காரரின் கோழி வலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அவர் மேல் குறை சொல்லவில்லை. அவர் தொழில் அது இல்லை, அவ்வளவுதான். வலை அடித்த பிறகு எப்படி அளந்து காட்டுவீர்கள் என்று மட்டும் அவரிடம் கேளுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மைக்ரோவேவ் அடுப்பின் பிளக்கை முதலில் பிடுங்கிவிடுங்கள். உள்ளே கைபேசியை வைத்துக் கதவை மூடிவிட்டு, வேறொரு போனிலிருந்து கூப்பிடுங்கள். பல வீடுகளில் மணி அடிக்கும். 2.45 கிகாஹெர்ட்ஸ் அலையை உள்ளே அடைத்து வைக்கத் தொழிற்சாலையில் செய்த இரும்புப் பெட்டி அது. மனிதருக்குத் தீங்கில்லாத அளவுக்கு அடைப்பது ஒன்று, கைபேசியின் காதுக்கு எட்டாத அளவுக்கு அடைப்பது வேறொன்று.

உங்கள் மனைவி கேட்ட கேள்வி

ஒருவேளை வலை நன்றாகவே வேலை செய்தது என்று வைத்துக்கொள்வோம். அப்போது போனுக்கு டவர் கிடைக்காது. வைஃபையை மட்டும் நிறுத்திவிட்டு, போன் அலையை விடும் சுவர் உண்டா என்றால், ஆய்வகத்தில் உண்டு. 2012இல் பிரான்சின் கிரெனோபிளில், வெள்ளி கலந்த மையால் கோலம்போல ஒரு வடிவத்தை அச்சிட்டு, வைஃபை அலையை நிறுத்திப் போன் அலையை விடும் சுவர்த்தாளைச் செய்து காட்டினார்கள். நல்ல விஞ்ஞானம். ஆனால் நம் நாட்டில் 4ஜி சேவையின் ஒரு பகுதி 2,300 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிறது, வைஃபை 2,400இல் தொடங்குகிறது, 2,500இல் மறுபடியும் 4ஜி. இந்த இடுக்கில் ஒன்றைப் பிடித்து மற்றதை விடும் வேலையைக் கோழி வலையிடம் எதிர்பார்க்க முடியாது.

ஆடிட்டர் அலுவலகமே ஓடிபியில்தான் ஓடுகிறது. வருமான வரித் தளத்துக்கு ஓடிபி, ஜிஎஸ்டிக்கு ஓடிபி, வங்கிக்கு ஓடிபி. ரிட்டர்ன் தாக்கலின் கடைசி நாள் மாலை ஆறு மணிக்கு, ஆறு பேரும் கையில் போனோடு மொட்டை மாடிக்கு ஓடுவதை நினைத்துப் பாருங்கள். சுவரெல்லாம் உலோகப் பலகை பதித்த ஓர் அலுவலகத்தில் இதை நேரிலேயே பார்த்திருக்கிறேன். கடைசியில் உள்ளே டவர் வேண்டும் என்று அனுமதியில்லாத ஒரு சிக்னல் பூஸ்டரை வாங்கி மாட்டினார்கள். அது இன்னொரு சட்டச் சிக்கல்.

அதைவிட முக்கியம், யாருக்காவது நெஞ்சுவலி வந்தாலோ, தீப்பிடித்தாலோ 112க்கு உள்ளிருந்து கூப்பிட முடிய வேண்டும். வாசல்வரை போய்த்தான் கூப்பிட வேண்டும் என்று ஒரு கட்டடத்தைக் கட்டிவிடாதீர்கள்.

சுவருக்குள் உலோகம், பக்கத்தில் மின்கம்பி

என்னை மிகவும் பயமுறுத்துவது இதுதான். சுவர் முழுக்க வலை என்றால், அதே சுவருக்குள் போகும் மின்குழாய்க்குப் பக்கத்திலேயே ஓர் உலோகப் பரப்பு விரிந்து கிடக்கிறது. ஐந்து வருடம் கழித்து யாரோ காலண்டர் மாட்ட ஆணி அடிப்பார்கள். ஆணி கம்பியைக் கிழித்து வலையையும் தொட்டால், எர்த் சரியில்லாத இடத்தில் முழுச் சுவரும் மின்சாரம் ஏறி நிற்கும்.

2009இல் ஆஸ்திரேலியாவில் வீட்டுக் கூரைகளுக்கு வெப்பத் தடுப்பு போடும் அரசுத் திட்டம் ஒன்று நடந்தது. ஃபாயில் விரிப்பை உலோக ஸ்டேபிளால் அடிக்கும்போது அது மின்கம்பிக்குள் இறங்கி, ஃபாயில் வழியாக மின்சாரம் பாய்ந்து இளம் பணியாளர்கள் உயிரிழந்தார்கள். 2010 பிப்ரவரியில் அந்த ஃபாயில் முறையை அரசு நிறுத்தியது, திட்டத்தையும் கைவிட்டது. உங்கள் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலேயும் லைட், ஃபேன் கம்பிகள்தான் ஓடும். வெயிலுக்காக ஃபாயில் வேண்டும் என்றால், உரிமம் பெற்ற எலக்ட்ரீசியன் பார்த்து, முறையாக எர்த் செய்து, கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி போட்ட பிறகு செய்யுங்கள். வைஃபைக்காக வேண்டாம்.

பாஸ்வேர்டை எளிதாக்கலாமா?

கூடாது சார். சொல்லப்போனால் இப்போது வைத்திருக்கும் கைபேசி எண்ணையே இன்று மாற்றிவிடுங்கள்.

ஒருவன் உங்கள் வைஃபைக்குள் நுழைய வெளியே மணிக்கணக்கில் உட்கார்ந்து ஒவ்வொரு பாஸ்வேர்டாக அடித்துப் பார்ப்பான் என்று நினைக்காதீர்கள். இன்று பல ரவுட்டர்களில் உள்ள வைஃபை பூட்டு முறையான டபிள்யூபிஏ2வில், உங்கள் பணியாளரின் கருவி ரவுட்டரோடு கைகுலுக்கும் அந்தச் சில நொடிப் பேச்சைப் பதிவு செய்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். மிச்ச வேலை அவன் கணினியில். நம் ஊர்க் கைபேசி எண்கள் 6, 7, 8, 9இல் தொடங்குபவை, பத்து இலக்கம். மொத்தம் 400 கோடி சாத்தியங்கள். கேமிங்குக்கு வாங்கும் ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் சோதிக்கும். 4,000 நொடி. ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நாட்டில் உள்ள அத்தனை கைபேசி எண்களையும் அதற்குள் முயன்று முடித்திருப்பான். உங்கள் எண் பெயர்ப்பலகையிலேயே இருக்கிறது என்பதை நான் கணக்கில் சேர்க்கக்கூட இல்லை.

அந்தச் சில நொடிப் பேச்சைப் பதிவு செய்ய அவன் தெருவில் நிற்க வேண்டியதும் இல்லை. கிளையன்ட் மாதிரி உள்ளே வந்து, வரவேற்பறையில் உட்கார்ந்து, நீங்கள் கொடுக்கும் காபியைக் குடித்துக்கொண்டே பதிவு செய்யலாம். அவனும் வலைக்கு உள்ளேதானே இருக்கிறான்.

இதற்கு மாற்று கஷ்டமானதில்லை. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் அடியுங்கள். வெண்டைக்காய், திண்ணை, லாரி, பரணி என்பதுபோல. இதையே வைத்துவிடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு அகராதியைப் புரட்டி எடுத்த சொற்களாக இருக்கட்டும், பழமொழியோ பாட்டு வரியோ வேண்டாம். 8,000 சொற்களிலிருந்து இப்படி நான்கு எடுத்தால், அதே கார்டுக்கு நூறு ஆண்டுக்கு மேல் ஆகும். ஐந்தாவது சொல் சேர்த்தால் பத்து லட்சம் ஆண்டு. ஞாபகம் வைத்துக்கொள்வதும் சுலபம்.

அமெரிக்காவில் 2007இல் வெளியே தெரிந்த டிஜேஎக்ஸ் என்ற சில்லறை விற்பனை நிறுவனத்தின் தரவுத் திருட்டைச் சொல்கிறேன். ஒரு கடைக்கு வெளியே வண்டியை நிறுத்தி, ஆன்டெனா வைத்து, கடையின் வைஃபைக்குள் நுழைந்தார்கள். நான்கரைக் கோடிக்கும் மேற்பட்ட கார்டு எண்கள் போயின. இதைக் கேட்டதும் சிக்னல் வெளியே வந்ததுதான் குற்றம் என்று தோன்றும். அந்தக் கடையில் ஓடிக்கொண்டிருந்தது டபிள்யூஇபி என்ற பழைய பூட்டு. அது உடையக்கூடியது என்று 2001இலேயே ஆய்வாளர்கள் எழுதிவிட்டார்கள். 2004இல் டபிள்யூபிஏ2 வந்த பிறகும் மாற்றாமல் விட்டதுதான் விஷயம். சிக்னல் வெளியே போகத்தான் செய்யும். அதைக் கேட்டாலும் புரியாதபடி வைத்திருப்பதுதான் நம் கையில் உள்ளது.

ஜாமர் பேச்சே வேண்டாம்

உங்கள் சொந்தச் சுவருக்குள் வலை பதிப்பதும் ஜாமர் மாட்டுவதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. வலை எந்த அலையையும் உமிழ்வதில்லை, சும்மா நிற்கிறது. ஜாமர் அலையை உமிழ்ந்து அடுத்தவர் தொடர்பைக் கெடுக்கிறது. அரசு தனியாக அனுமதித்த இடங்களைத் தவிர மற்ற இடங்களில் ஜாமர் பயன்படுத்துவது சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூலையில் தெளிவாக அறிவித்தது. தனியார் நிறுவனங்களும் தனி மனிதர்களும் அதை வாங்கவும் கூடாது. இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது என்பதால் சரியாகிவிடாது. அமெரிக்காவில் ஒரு பெரிய ஹோட்டல் நிறுவனம், ஜாமர்கூட இல்லை, மென்பொருள் கட்டளையால் விருந்தினர்களின் சொந்த ஹாட்ஸ்பாட்டைத் துண்டித்ததற்காக 2014இல் ஆறு லட்சம் டாலர் கட்ட வேண்டி வந்தது. உங்கள் வாசலில் ஜாமர் இருந்து, பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஆம்புலன்ஸ் கூப்பிட முடியாமல் போனால் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.

புகாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 43, 66 பிரிவுகள் அனுமதியின்றி நெட்வொர்க்கில் நுழைவதைத் தொடுகின்றன. வழி இருக்கிறது. ஆனால் இங்கே பாஸ்வேர்ட் திருடப்படவில்லை, உங்கள் ஆளே கொடுத்திருக்கிறான். பக்கத்து வீட்டார் அதை அனுமதி என்றே நினைத்திருக்கலாம். ரவுட்டர் பதிவிலும் டிவி இணைந்தது தெரிகிறதே தவிர, கோப்பு எதுவும் எடுத்த தடயம் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. என் யோசனை, ஒரு தடவை நேரில் போய்ப் பேசுங்கள். பணம் போனது, கோப்பு போனது என்று தடயம் கிடைத்தால் அப்போது தயங்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள்.

திறந்து கிடக்கும் வைஃபை இன்னொரு வகையிலும் வந்து கடிக்கும். 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. அவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் போலீஸ் முதலில் போய் நின்றது அவர் வாசலில்தான்.

உங்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், கிளையன்ட் தரவுக்கு நியாயமான பாதுகாப்பு கொடுக்கச் சொல்கிறது. தவறினால் அபராத உச்சவரம்பு 250 கோடி ரூபாய். சிறிய அலுவலகத்துக்கு அவ்வளவு விதிப்பார்கள் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. அதன் விதிகள் கேட்பது என்ன என்று பாருங்கள்: தரவைக் குறியாக்கம் செய்வது, யார் எதைத் திறக்கலாம் என்ற கட்டுப்பாடு, பதிவேடு, காப்பு நகல். நாளை யாராவது வந்து கேட்டால் இவற்றைக் காட்டலாம். வலையைக் காட்டினால் யாரும் ஏற்க மாட்டார்கள்.

அந்தப் பணத்தில் ஒரு பகுதியை இப்படிச் செலவிடுங்கள்

உங்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வாய்ப்பு, சுவர் இன்னும் பூசப்படவில்லை என்பது. வாடகைக் கட்டடத்தில் செய்ய முடியாத ஒன்றை இப்போது செய்யலாம். ஒவ்வொரு மேசைக்கும் இரண்டு நெட்வொர்க் பாயின்ட் வரும்படி தனிக் குழாய் பதித்து, கேட்-6 என்ற நெட்வொர்க் கேபிள் இழுத்துவிடுங்கள். மின்குழாயோடு சேர்க்காமல் தள்ளிப் போகட்டும். கணக்கு மென்பொருளான டேலி ஓடும் கணினிகள், சர்வர், பிரிண்டர் எல்லாம் கேபிளிலேயே இருக்கட்டும். காற்றில் போகாத தரவைக் காற்றிலிருந்து யாரும் பிடிக்க முடியாது. நீங்கள் வலையிடம் எதிர்பார்த்த நிம்மதியில் பெரும்பகுதி இந்தக் கேபிளிலேயே கிடைத்துவிடும். செலவும் ஒப்பந்தக்காரர் கேட்டதைவிடக் குறைவாகத்தான் வரும்.

வைஃபை கைபேசிக்கும் லேப்டாப்புக்கும் மட்டும். கருவியைத் தெருச் சுவரில் மாட்டாமல், அலுவலகத்தின் நடுவில் கூரையில் வைக்கச் சொல்லுங்கள். அதன் சக்தியைக் குறைக்கும் வசதி அமைப்பிலேயே இருக்கும். பாதியாக, கால்வாசியாகக் குறைத்துப் பாருங்கள். 1,400 சதுர அடிக்கு அது போதும். ஒரு ரூபாய் செலவில்லாமல் வெளியே போகும் சிக்னலும் அந்த அளவு குறைந்துவிடும். டபிள்யூபிஏ2வுக்கு அடுத்து வந்த டபிள்யூபிஏ3 பூட்டு உள்ள கருவியாக வாங்குங்கள். மேலே சொன்ன கைகுலுக்கலைப் பதிவு செய்து வீட்டில் உடைக்கும் வித்தை அதில் பலிக்காது. பழைய லேப்டாப் ஏற்கவில்லை என்றால் டபிள்யூபிஏ2வும் நீண்ட பாஸ்வேர்டும் போதும்.

பாஸ்வேர்ட் அடிக்காமலே கருவியை இணைக்க ரவுட்டரில் இருக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011இலேயே தெரிந்துவிட்டது. ரவுட்டரின் நிர்வாகப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், பலர் அதை மறந்துவிடுகிறார்கள். கிளையன்ட்களுக்குத் தனி விருந்தினர் நெட்வொர்க் கொடுங்கள். அதிலிருந்து உங்கள் கணினிகளை எட்ட முடியாதபடி அமைக்கலாம். நெட்வொர்க் பெயரை மறைத்து வைப்பது பயன் தராது, விட்டுவிடுங்கள்.

உங்களுக்கு நடந்த சம்பவம் மறுபடி நடக்காமல் இருக்க, எல்லோருக்கும் ஒரே பாஸ்வேர்ட் என்ற முறையை விடுங்கள். அலுவலகத் தரக் கருவிகளில் ஆளுக்கு ஒரு பெயரும் ஒரு பாஸ்வேர்டும் கொடுக்கலாம். ஒருவர் வேலையை விட்டுப் போகும் அன்று, அவர் சாவியைத் திருப்பிக் கொடுப்பதுபோல அவர் பெயரை நீக்கினால் போதும், மற்றவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டாம். இதுகூட வேண்டாம் என்றால், ஒவ்வொருவர் விலகும்போதும் பாஸ்வேர்டை மாற்றுவதை வழக்கமாக்குங்கள்.

கேபிள் குழாய் எல்லாம் பதித்து முடித்ததும், பூச்சுக்கு முந்தின நாள், ஒவ்வொரு சுவரையும் அளவு நாடா வைத்துப் புகைப்படம் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று அதன் பிறகு சுவர் சொல்லாது. காலண்டர் மாட்டுகிறவருக்கு அந்தப் படத்தைக் காட்டலாம்.